இக்கரையில் உரிமை, அக்கரையில் குற்றம்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் டெலவேர் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் மேற்குக் கரையில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பிலடெல்பியா நகரம். கிழக்குக் கரையில் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த கேம்டன் நகரம். இவ்விரண்டையும் இணைத்து 1926-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாலத்தை ஊர்தியில் கடக்கச் சில நிமிடங்களே போதும். அச்சில நிமிடங்களுக்குள், சட்டத்திற்குப் பணிந்து வாழும் குடிமகன் ஒருவன் கடுஞ்சிறைக்குரிய குற்றவாளியாக மாறிவிடக் கூடும். தன் மாநில அரசு முறைப்படி உரிமம் வழங்கிய கைத்துப்பாக்கியை அவன் இடுப்பிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தான் என்பதே போதும்.

இது நமக்கு விந்தையாகத் தோன்றுவது இயல்பே. நம் அரசியலமைப்பில் படைக்கலங்கள் பற்றிய சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் கன்னியாகுமரிக்கும் ஒன்றே, காசிக்கும் ஒன்றே. உரிமம் செல்லுபடியாகும் எல்லை வேறுபடலாம்; எது குற்றம் என்பது வேறுபடுவதில்லை. அமெரிக்காவிலோ, குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி மாநிலங்களின் கையில் இருக்கின்றது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் பேசுகின்றது. ஆனால் அதனை யார், எங்கே, எவ்வாறு உடன் எடுத்துச் செல்லலாம் என்பதை ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாக வகுத்துள்ளன.

வெர்மான்ட் மாநிலம் இதற்கென உரிமம் கேட்டதே இல்லை. 2024-ஆம் ஆண்டின் இறுதியில், பெரியவர்கள் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இசைவளித்த மாநிலங்கள் இருபத்தொன்பது. மற்றொரு கோடியில் நியூயார்க், நியூஜெர்சி போன்றவை உள்ளன. பிற மாநிலம் தந்த உரிமத்தை அவை ஏற்பதில்லை. இடைப்பட்ட மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, இன்னாரின் உரிமத்தை ஏற்போம், இன்னாருடையதை ஏலோம் என்று பட்டியலிட்டிருக்கின்றன. ஓட்டுநர் உரிமம் ஒன்று இருந்தால் அமெரிக்கா முழுவதும் ஊர்தி ஓட்டலாம் என்று பழகிய மக்கள், துப்பாக்கி உரிமமும் அத்தகையதே என எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணமே பலரைச் சிறை வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றது.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், குழந்தைகளின் தாய், நியூஜெர்சியின் நெடுஞ்சாலையில் ஊர்தி ஓட்டிச் சென்றார். சிறிய போக்குவரத்துப் பிழைக்காகக் காவலர் அவரை நிறுத்தினார். தம்மிடம் கைத்துப்பாக்கி இருப்பதையும், அதற்குப் பென்சில்வேனியா உரிமம் உண்டு என்பதையும் அவரே காவலரிடம் கூறினார். ஒளித்தாரில்லை, பொய்யுரைத்தாரில்லை. உண்மையைக் கூறியதன் விளைவு கைது! குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் குறைந்தது மூன்றரை ஆண்டுகள் விடுதலைக்கு வழியின்றிச் சிறையில் இருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். கொள்ளைக்கும் கொலைக்கும் துப்பாக்கி ஏந்துவோரை மனத்திற்கொண்டு இயற்றப்பெற்ற அச்சட்டம் இத்தாயையும் அதே தட்டில் வைத்து நிறுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின்னர், 2014-இல் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி வழிகாட்டு நெறிகளைத் தளர்த்தினார். 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு முழு மன்னிப்பு அளித்தார். ஆளுநரின் செவிக்கு எட்டாத வழக்குகள் எத்தனையோ!

இத்தகைய பயணிகளைக் காப்பதற்கென்றே நடுவண் சட்டம் ஒன்று உண்டு. 1986 மே மாதம் அதிபர் ரீகன் கையொப்பமிட்ட துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம் அது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது ஒருவருக்குச் சட்டப்படி இசைவானதாயின், இடைப்பட்ட மாநிலங்கள் வழியாக அதனைக் கொண்டு செல்லலாம் என்று அது கூறுகின்றது. தோட்டா நீக்கப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் ஊர்தியில் இருப்போரின் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பின்புறப் பெட்டி இல்லாத ஊர்தியாயின் பூட்டிய பெட்டகத்தில் வைத்தல் வேண்டும்; ஓட்டுநருக்கு அருகிலுள்ள சிறு அறைகள் அதற்கு ஆகா. ஆக, இச்சட்டம் துப்பாக்கியைச் சுமையாகக் கொண்டு செல்ல வழிவிடுகின்றதேயன்றி, இடுப்பில் செருகிச் செல்ல வழிவிடவில்லை. இவ்வேறுபாட்டை உணராதார் பலர். எனினும், விதி நன்றாகவே இருக்கின்றது என்பேன். குறை அதன் நடைமுறையில் உள்ளது.

2005-ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் புறப்பட்டார். தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, விமானப் பணியாளரிடம் முறைப்படி அறிவித்துச் சரக்காக ஒப்படைத்தார். வழியில் நியூஜெர்சியின் நியூவார்க் நகரில் அடுத்த பயணம் தவறிப்போயிற்று. பெட்டி அவர் கைக்கு வந்தது. இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் மீண்டும் அதே ஒழுங்குடன் துப்பாக்கியை அறிவித்தபொழுது கைது செய்யப்பட்டார். சில நாள் சிறையிருந்தார். பின்னர் வழக்குக் கைவிடப்பட்டது. அவர் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கிலோ, 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. விடுதியில் பெட்டி அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததாம். ஆகவே 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு அவருக்கு இல்லையாம். தம் பிழை ஏதுமின்றியே அவர் இக்கட்டில் சிக்கினார் என்பதையும் அந்நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

அதே 2010-ஆம் ஆண்டில் நியூயார்க் பகுதிக்குரிய மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இன்னும் சிந்திக்கத் தக்கது. இச்சட்டத்தை மீறிக் கைது செய்யும் காவலர்மீது பயணி இழப்பீட்டு வழக்குத் தொடர இயலாது என அது முடிவு செய்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று: பயணி புறப்பட்ட மாநிலத்தின் சட்டத்தையும் அவர் சேரவிருக்கும் மாநிலத்தின் சட்டத்தையும் சாலையோரத்துக் காவலர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. நன்று! சட்டத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டு, அதற்கெனப் பயிற்சியும் ஊதியமும் பெறும் காவலர் இரு மாநிலச் சட்டங்களை அறிய வேண்டா. ஆனால் தச்சரும் செவிலியரும் சரக்கு ஊர்தி ஓட்டுநரும், செல்லும் வழியெல்லாம் உள்ள மாநிலங்களின் சட்டங்களைத் தோட்டாவின் வகை வரையில் அறிந்திருக்க வேண்டும், அறியாவிடின் சிறை. சட்டத்தை அறியாமை மன்னிப்பாகாது என்னும் நெறி யாவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டுமன்றோ?

காவலரிடம் துப்பாக்கி பற்றித் தாமே கூற வேண்டுமா என்பதிலும் மாநிலங்கள் ஒன்றுபடவில்லை. சில, நிறுத்தியவுடன் கூறு என்கின்றன. சில, கேட்டால் கூறு என்கின்றன. 2016 ஜூலையில் மின்னசோட்டா மாநிலத்தில் உரிமம் பெற்ற கறுப்பின இளைஞர் ஒருவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் பண்புடன் தெரிவித்தார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் 2017-இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இது மாநில எல்லை பற்றிய வழக்கன்று. எனினும் உரிமத் தாள் எல்லாருக்கும் ஒரே மதிப்புடையதாக இருப்பதில்லை என்பதை இது காட்டிற்று.

இவ்வளவும் கூறியதால், கட்டுப்பாடு விதிக்கும் மாநிலங்களை நான் பழிப்பதாகக் கொள்ளலாகாது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டோர். தென் மாநிலங்களில் எளிதாக வாங்கப்படும் துப்பாக்கிகள் 95-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே வடக்கே கடத்தப்படுகின்றன. அச்சாலைக்கு 'இரும்புக் குழாய்' என்றே பட்டப்பெயர் வழங்குகின்றது. தம் மக்களின் உயிரைக் காக்க நியூஜெர்சி அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆதலால்தான், எந்த மாநில உரிமத்தையும் எல்லா மாநிலங்களும் ஏற்றே தீர வேண்டும் என்று 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றிய முன்வரைவை என்னால் வரவேற்க இயலவில்லை. அது செனட் அவையைக் கடந்து சட்டமாகவில்லை. ஆகியிருப்பின், மிகத் தளர்ந்த விதியுடைய மாநிலமே நாடு முழுமைக்கும் விதி வகுப்பதாக முடிந்திருக்கும். பயிற்சி கேட்கும் மாநிலத்தின் தெருவில், பயிற்சி கேளாத மாநிலத்தவர் துப்பாக்கியுடன் உலவியிருப்பார்.

2022 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட தேவையை மெய்ப்பித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய விதியை நீக்கியது. எனினும் உரிம முறையையே அது நீக்கிவிடவில்லை. எனவே மாநிலத்திற்கு மாநிலம் உள்ள வேறுபாடு தொடரவே செய்யும். அது தொடரட்டும். வேண்டுவன இரண்டே. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உணவு, உறக்கம், தவறிய விமானம், பழுதான ஊர்தி ஆகியவற்றால் நேரும் இடைநிறுத்தத்தையும் பயணத்தின் பகுதியாகவே சேர்த்தல் ஒன்று. தீய நோக்கமின்றி எல்லை கடந்தவர்க்குக் கட்டாயச் சிறைக்கு மாறாகத் தண்டத்தொகை விதித்தல் மற்றொன்று. இவற்றால் நியூஜெர்சியின் தெருக்களில் ஒரு துப்பாக்கியும் கூடப் போவதில்லை.

நியூவார்க் வழக்கில் நீதிமன்றம் பயணிகளுக்கு ஒரு வழியும் காட்டியது. பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே விமான நிலையக் காவலரிடம் சென்று, துப்பாக்கியை ஓரிரவு வைத்திருந்து தருமாறு வேண்டலாமாம். அவ்வாறு வாங்கி வைக்கும் கடமை அக்காவலருக்கு உண்டு என்று 1986-ஆம் ஆண்டின் அப்பயணிப் பாதுகாப்பு விதியில் ஒரு சொல்லும் இல்லை.