அந்த நாய் யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

போன தவணையில் ஒரு காலை. நான்காம் தரத்துப் பிள்ளை ஒருவர் நொண்டி நொண்டி வகுப்புக்கு வந்தார். கேட்டதற்கு "விழுந்திட்டன் சேர்" என்றார். காலுறையைக் கழற்றிப் பார்த்தால் கெண்டைக்காலில் பல் பதிந்த காயம். மேலே மஞ்சள் பூசியிருந்தது. முதல் நாள் பின்னேரம் ஓதிவிட்டு வரும் வழியில், கடற்கரைப் பக்கம் மீன் கழிவு கொட்டிக் கிடக்கும் இடத்தில் நாய் கடித்திருக்கிறது. ஏச்சு விழும் என்று பயந்து வாப்பாவிடம் சொல்லவில்லை. உம்மாவுக்குத் தெரியும். மஞ்சள் போட்டால் ஆறிவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி, வழியில் உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கேட்டது மூன்று கேள்விகள். நாய் யாருடையது? அதற்குத் தடுப்பூசி போட்டதா? இப்போது அந்த நாய் எங்கே? மூன்றுக்கும் எங்களிடம் இருந்தது ஒரே பதில்தான்: தெரியாது.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது நலம். ஆனால் அந்தத் "தெரியாது" என்ற ஒரு சொல்லுக்காக அவர் நாள் தவறாமல் போய்ப் பல ஊசிகள் போட வேண்டி வந்தது. நாய்க்குச் சொந்தக்காரர் இருந்து, ஒழுங்காக ஊசி போட்ட அட்டையும் இருந்து, அதைக் கட்டிவைத்து 14 நாள் கவனிக்கவும் முடியும் என்றால் வைத்தியருக்கு முடிவெடுக்க ஒரு வழி இருக்கும். யாருடையது என்றே தெரியாத நாய் என்றால் அந்த வழி இல்லை. நாய்ப் பதிவு என்ற விசயம் ஏதோ சபைக்காரர் காசு சேர்க்கும் வேலை என்றுதான் நாங்களும் அதுவரை நினைத்திருந்தோம். அன்றைக்குத்தான் விளங்கியது, அந்தப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டியது எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று.

சட்டம் புதிதல்ல. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் வந்துவிட்டது. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் அதற்கும் முந்தியது, 1893. நாய் வளர்ப்பவர் அதை வருடா வருடம் தன் பகுதியின் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும். நூற்றி இருபது வருடத்துக்கு மேல் பழைய சட்டம். எங்கள் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில் எத்தனை நாயின் கழுத்தில் பதிவு இலக்கம் பார்த்திருக்கிறீர்கள்? நாங்கள் பார்க்கவில்லை.

இதைப் பள்ளிவாசல் முற்றத்தில் பேசினால் உடனே ஒரு பதில் வரும். "எங்கட வீடுகளில நாய் வளர்க்கிறதில்லையே சேர், அந்தச் சட்டம் எங்களுக்கு எதுக்கு?"

வளர்ப்பதில்லை, உண்மை. ஆனால் தீனி போடுவது யார்? தோணி கரைக்கு வந்ததும் மீன் வெட்டிக் குடலைக் கரையிலேயே எறிகிறோம். இறைச்சிக் கடைக் கழிவு இரவில் மூலைக்கு வந்துவிடும். சாப்பாட்டுக் கடை மிச்சம் பையோடு வாய்க்காலில் கிடக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் சில ஒழுங்கைகளில் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியாது. குர்பானிக் கழிவை ஆழக் கிடங்கு வெட்டிப் புதைப்பவர்களும் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். புதைக்காதவர்களும் இருக்கிறார்கள். நாய் எங்கள் வீட்டுக்குள் இல்லை. எங்கள் குப்பையில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நாங்கள் வளர்க்கும் நாய்தான் அது. பெயர் மட்டும் வைக்கவில்லை.

அன்று இரவே ஊர் வட்ஸ்அப் குழுவில் மூன்று விதமான கதை ஓடியது. மூன்றையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, "நஞ்சு வையுங்க". 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்லாமல் கட்டுப்படுத்துவதுதான் அரசாங்கத்தின் கொள்கை. மிருகவதைக்கு எதிரான சட்டம் 1907இலிருந்து இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். தாகத்தில் நாக்குத் தொங்கிய நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததற்காக அல்லாஹ் பாவம் மன்னித்த ஹதீஸைப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுப்பவர்கள் நாங்கள். பகலில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு இரவில் இறைச்சித் துண்டில் நஞ்சு தடவ முடியுமா? அந்தத் துண்டைப் பூனை தின்னும், கோழி கொத்தும், சின்னப் பிள்ளையின் கைக்கும் போகும்.

இரண்டாவது, "பிடிச்சுக் கொண்டு போய் சோபர் தீவில விடுங்க". பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் உலகத்தில் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1910இல் இஸ்தான்புல் நகரத்தின் பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து, மர்மராக் கடலில் ஒரு வெறுந்தீவில் கொண்டு போய் விட்டார்கள். அவை பசியிலும் தாகத்திலும் செத்தன. அதோடு அந்த நகரத்தில் தெருநாய் ஒழிந்ததா? நூறு வருடத்துக்குப் பிறகு, 2024இல், துருக்கிப் பாராளுமன்றம் தெருநாய்களுக்காக மறுபடி ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டி வந்தது. குப்பை இருக்கும் இடத்துக்கு நாய் திரும்ப வரும். அதோடு ஊசி போட்ட நாயையும் சேர்த்து அப்புறப்படுத்தினால், அந்த இடத்துக்கு வருவது ஊசி போடாத புது நாய்.

மூன்றாவது கதைதான் எங்களை அதிகம் பயப்படுத்தியது. "அது அவங்கட பக்கத்து நாய்". ஒரு குரல் பதிவு. கடித்த நாயைக் கண்டவர் யாருமில்லை, அதற்குள் நாய்க்கு இனம் வந்துவிட்டது. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் ஊர் இது. சின்ன விசயம் எப்படிப் பெரிதாகும் என்று வயதானவர்களிடம் கேளுங்கள். அந்தப் பதிவைப் பரப்பாமல் நிறுத்திய தம்பிக்கு நன்றி. ஒரு பதிவேடு இருந்திருந்தால் அந்தக் கதைக்கே இடமில்லை. இலக்கத்தைப் பார், சொந்தக்காரரைக் கேள், விசயம் முடிந்தது.

அப்படியானால் செய்து காட்டிய நாடு இருக்கிறதா? இருக்கிறது. பூட்டான், எங்களை விடச் சின்ன நாடு. 2021இல் தொடங்கி இரண்டு வருடத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, வீட்டு நாய்களைப் பதிந்து, 2023இல் தெருநாய் அத்தனைக்கும் கருத்தடை முடிந்தது என்று அறிவித்தார்கள். எங்கள் நாடும் ஒன்றும் செய்யாத நாடல்ல. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை இறங்கி, இப்போது வருடத்துக்கு இருபது முப்பது பேர் என்ற அளவில் நிற்கிறது. பத்து நாயில் ஏழுக்கு ஊசி போட்டாலே நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தம் எத்தனை நாய் என்று தெரியாமல் ஏழு எது, பத்து எது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? அதற்கும் பதிவேடுதான் வேண்டும்.

சபையிடம் நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, பதிவையும் ஊசியையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், வட்டாரம் வட்டாரமாக வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு கடிதாசிக்காக இரண்டு நாள் அலைய மாட்டார். திகதியை மூன்று நாளுக்கு முன்பே பள்ளிவாசல், கோயில், பன்சல, தேவாலயம் எல்லாவற்றிலும் அறிவிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, கட்டாக்காலி நாய்களையும் கணக்கில் எடுங்கள். ஆட்டோ தரிப்பிடத்தில், தேநீர்க் கடை வாசலில், ஜெட்டிப் பக்கத்தில் கிடக்கும் நாய்க்கு யாரோ ஒருவர் தினமும் தீனி வைக்கிறார். அவர் கையால்தான் அதைப் பிடிக்கவும் முடியும். அவரைப் பொறுப்பாளியாக எழுதி, ஊசியும் கருத்தடையும் செய்து, கழுத்தில் பட்டி போட்டு விடுங்கள்.

மூன்று, மீன் இறங்கும் இடத்திலும் சந்தையிலும் கழிவை அன்றன்றே அள்ளுங்கள். இது நடக்காமல் மற்ற இரண்டும் நிற்காது. எத்தனை நாய் பதிந்தது, எத்தனைக்கு ஊசி போட்டது என்று வருடத்துக்கு ஒரு தடவை பலகையில் போடுங்கள். போடாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுதிக் கேட்போம்.

கேட்பதோடு எங்கள் வேலை முடியாது. குப்பைப் பையை இரவில் மூலையில் வைக்காதீர்கள். குர்பானிக் கழிவைப் புதைக்கும் பொறுப்பைப் பங்கு சேரும்போதே ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஊசி போடும் நாளில் "எங்களிடம் நாய் இல்லை" என்று கதவைச் சாத்தாமல், உங்கள் ஒழுங்கை நாய் எங்கே படுக்கும் என்று வந்து காட்டுங்கள். பிள்ளைகள் நாய்க்குக் கல்லெறிந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். குட்டி போட்ட நாய்க்குக் கிட்டப் போகவும், நாயைக் கண்டு ஓடவும் வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக, இதை மட்டும் மறக்காதீர்கள். நாயின் வாய் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண்ணால் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடித்த காயத்துக்கு மண் போடாதீர்கள். மஞ்சள், எண்ணெய், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்க்கச் சுத்தம் பற்றிய சந்தேகத்தை வந்த பிறகு மௌலவியிடம் கேட்கலாம். இந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. வெளிப்படும் முன் ஊசி போட்டால் காப்பாற்றலாம். கடிபட்ட பிள்ளைக்கு ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை ஒரு இரவு முழுக்க மறைத்தார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் "நாய் யாருடையது?" என்று கேட்டால், எங்கள் ஊரில் ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம். பிழை இருந்தால் திருத்துங்கள். சரியென்று பட்டால் உங்கள் வட்டார உறுப்பினருக்கு அனுப்பிவையுங்கள். அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.