மகிழுந்தும் கைப்பேசியும் ஆடம்பரமா?

“தோட்டத்துப் பிள்ளைகள் கையில் ஆயிரம் வெள்ளிக் கைப்பேசி, வாசலில் கடனுக்கு வாங்கிய மகிழுந்து, பிறகு ஏழ்மை என்று புலம்புவானேன்?” இவ்வினா ஒலிக்காத தமிழர் மேடை மலாக்கா மாநிலத்தில் அரிது. கோயில் ஆண்டுக் கூட்டத்தில் ஒலிக்கிறது. திருமண விருந்திலும் ஒலிக்கிறது. வினவுபவர் பெரும்பாலும் தம் சொந்த வண்டியில் வந்து இறங்கியவராகவே இருப்பார். கைப்பேசியை ஒலியடக்கி மேசைமீது வைத்துவிட்டே அவர் சிக்கனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

கேட்பதற்கு அறிவுரைபோல் இனிக்கும் இக்கூற்று, உண்மையில் எளியவன் தலையில் பழியை ஏற்றும் கூற்றாகும். மகிழுந்தும் கைப்பேசியும் ஒரு குடும்பத்தில் ஒருசேரப் பழுதாகும் வாரத்தை இவர்கள் கூர்ந்து நோக்கியதில்லை.

ஜாசின் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு விலைக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்க. கணவர் ஆயர் குரோவில் காவற்பணி செய்பவர். மனைவி பத்து பெரண்டாம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். வீட்டில் வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டிய முதிய தாய். தமிழ்ப்பள்ளியில் பயிலும் மகள். இக்குடும்பத்துக்குப் பெயர் வேண்டுவதில்லை. அவ்வட்டாரத்தில் எந்தக் குடியிருப்பில் நுழைந்தாலும் இத்தகைய வீடு எதிர்ப்படும்.

திங்கள் விடியலில் சாவியைத் திருப்பினால் வண்டி முனகிவிட்டு அடங்குகிறது. அண்டை வீட்டார் தம் வண்டியிலிருந்து கம்பி மாட்டிக் கிளப்பி விடுகிறார். செவ்வாயன்று அதே வண்டி நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. இழுவை வண்டிக்குக் காசு. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாகவே இருக்கிறது, ஆல்டர்னேட்டர்தான் போய்விட்டது, பழைய உருப்படி கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்கிறார். புதன்கிழமை, இரவல் மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்தபடி வேலைக்குப் போகையில், சட்டைப் பையில் இருந்த கைப்பேசி நீர் குடித்து உயிர் விடுகிறது.

அதனோடு எவையெவை போயின என்று எண்ணினால்தான் நிலைமை விளங்கும். வேலை முறை அட்டவணை புலனத்தில் வருகிறது, அது போயிற்று. வாடகை வண்டியை அழைக்கும் செயலி போயிற்று. மருத்துவமனையின் நினைவூட்டல் போயிற்று. பட்டறைக்குப் பணம் அனுப்பும் வழியும் போயிற்று. பணம் வங்கியில் இருக்கிறது. அதனை விடுவிக்கும் ஒப்புதலோ நீர் குடித்த அக்கருவிக்குள் இருக்கிறது. மோசடிக் கும்பல்களைத் தடுக்கும் பொருட்டு, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிடுமாறும், ஒருவர் ஒரு கருவியை மட்டுமே ஒப்புதலுக்குப் பயன்படுத்தச் செய்யுமாறும், புதிதாகப் பதிவோர்க்குக் காத்திருப்புக் காலம் வைக்குமாறும் 2022 செப்டம்பரில் நாட்டு வங்கி பிற வங்கிகளைப் பணித்தது. நோக்கம் நன்று, அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரே கருவியை மட்டும் உடையவன், அக்கருவி இறந்த நாளில் தன் பணத்துக்கே அயலான் ஆகிறான். பண அட்டை இருக்கிறதே எனலாம். பணப்பொறி நகரில் அன்றோ இருக்கிறது!

வியாழனன்று தாயாரின் சிகிச்சை நாள். வெள்ளியன்று வராத நாளுக்குச் சம்பள வெட்டு. மகிழுந்தை மீட்கக் கைப்பேசி வேண்டும். கைப்பேசியை மாற்ற நகருக்குப் போக மகிழுந்து வேண்டும். 2025-இல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பின்னரும், இத்தகைய ஒரு வாரம் அவ்வூதியத்தில் எத்தனை பங்கை விழுங்கும் என்பதைச் சிக்கனம் பேசுவோர் ஒருமுறை தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பார்களாக.

இந்நிலை எங்ஙனம் வந்தது? மலாக்கா நகருக்கு ஒரு காலத்தில் இரயில் இருந்தது. தம்பினில் முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்த கிளைத் தடம் நகர்வரை ஓடிற்று. சப்பானியர் ஆட்சியில் அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1942, 1943 ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அனுப்பப்பட்டு மடிந்த வரலாறு எல்லாரும் அறிந்ததே. தோட்டத்து மக்களும் மலாக்காவின் தண்டவாளமும் ஒரே காட்டுக்குப் போயின. எஞ்சிய மக்கள் திரும்பி வந்தனர், தண்டவாளம் திரும்பவில்லை. போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்தும் அத்தடம் மீண்டும் போடப்படவில்லை. இன்றும் இரயில் ஏற விரும்பும் மலாக்கா நகரத்தார் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள பூலாவ் செபாங்குக்குச் செல்ல வேண்டும். அங்குச் செல்வதற்கும் பெரும்பாலோர் நாடுவது மகிழுந்தையே.

தடத்துக்கு மாற்றாக வந்தது சாலை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் ஆகிய இடங்களில் அதற்கு வாயில்கள் உள்ளன. அதற்கு முன்பே 1985-இல் புரோட்டான் சாகா வந்துவிட்டது. 1994-இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. கஞ்சில் என்றால் சருகுமான். வேட்டை நாயை ஆற்றில் உதைத்துத் தள்ளிய சருகுமானின் துணிவைக் கண்டு பரமேசுவரன் மலாக்காவை நிறுவினான் என்று மலாய்ப் பழங்கதை கூறும். அச்சிற்றுயிரின் பெயர் தாங்கிய வண்டி 2009-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும் மூன்றாம் கை, நான்காம் கை மாறி இன்றளவும் தோட்டச் சாலைகளில் இருமிக்கொண்டு ஓடுகிறது. அதனை ஓட்டுபவரை ஆடம்பரக்காரர் என்பது எத்தகைய நீதி? புதிய வண்டிக்கு ஒன்பதாண்டுத் தவணை கட்டுபவரும் களிப்புக்காகக் கட்டவில்லை. அவருடைய வேலை ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில், பிள்ளையின் பள்ளி வேறோரிடத்தில்.

முன்பு அவ்வாறில்லை. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்ட நாள் தொட்டு மலாக்கா இரப்பரின் தாயகங்களுள் ஒன்று. லயம், பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, மளிகைக் கடை, கோயில், பள்ளி எல்லாம் நடந்து எட்டும் தொலைவில் இருந்தன. அந்நாள் பொற்காலம் என்பாரும் உளர். அது வீண் பேச்சு. வேலை போனால் வீடும் போகும் வாழ்வில் பொன் எங்கிருந்து வந்தது? தொலைபேசி தோட்ட அலுவலகத்தில் இருந்தது. ஊரில் இறப்புச் செய்தி என்றாலும் கிராணியின் முகம் பார்த்தே கருவியைத் தொட முடிந்தது. கையில் ஒரு பேசி வைத்திருப்பது அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதற்கு இதிலும் ஒரு காரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, இரப்பர் அழிந்து செம்பனையாகி, செம்பனை அழிந்து வீடமைப்புப் பகுதியானபோது, நடந்து எட்டிய யாவும் வண்டியேறிச் செல்லும் தொலைவுக்குப் போயின. வண்டி வாங்கும் பொறுப்பு மட்டும் குடியிருப்பவன் தலையில் விழுந்தது.

கைப்பேசியின் கதையும் அதுவே. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் அரசு அலுவலும் பள்ளி அறிவிப்பும் திரைக்குள் குடியேறின. 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டபோது, அதற்கென்றே செய்யப்பட்ட பழைய கருவிகளில் இணையம் அற்றுப்போயிற்று. புதியது வாங்கியவனைப் பார்த்து “ஏன் வாங்கினாய்?” என்று மேடை கேட்கிறது. வாங்காமல் இருந்திருந்தால் “காலத்தோடு நடக்கத் தெரியாதவன்” என்று அதே மேடை சொல்லியிருக்கும்.

உதவியும் வண்டியுடையார் பக்கமே சாய்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் ரோன்95 பெட்ரோலுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்னும் சலுகை விலை வந்தது. அதனைப் பெறச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஓட்டத் தெரியாத முதிய தாய்க்கு, சாலை முனைவரை நடந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அதில் என்ன பங்கு? பேருந்துகள் பெருஞ்சாலைகளை ஒட்டியே ஓடுகின்றன. தோட்டச் சாலைக்குள் காலையும் மாலையும் ஒரு சிற்றுந்து நுழைந்திருந்தால் மேற்சொன்ன வாரத்தில் பாதித் துன்பம் நேர்ந்திராது.

அரசை மட்டும் சாடுவதும் முறையன்று. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தபோது, அன்றைய கூலிக்காரர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. இன்றைய சமுதாயம் அவர்களைவிட வசதி மிக்கது. திருவிழா அலங்காரத்துக்கு அது செலவிடும் தொகையில் ஒரு பகுதி போதும்: சுத்திகரிப்பு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஜாசினிலிருந்து மலாக்கா மருத்துவமனைக்கு வாரம் மும்முறை செல்ல ஒரு பழைய வேன், கைப்பேசி இல்லாதவரும் படித்தறியும்படி அதன் நேரத்தைக் கோயில் வாசலில் எழுதிவைக்க ஒரு கரும்பலகை. ஆடம்பரம் குறித்து மேடையேறும் பெரியோர், இவ்விரண்டில் கரும்பலகையையாவது வாங்கித் தந்துவிட்டு ஏறட்டும்.