ஸ்கின் கலர் எந்த டப்பாவில் இருக்கு?

"அம்மா, அந்த ஸ்கின் கலரை எடுத்துக் கொடேன்!"

டிராயிங் கிளாஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் 10 வயது மகள் கையை நீட்டினாள். நானும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு பேஸ்டல் குச்சி. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலும் அதற்கு அதே பெயர்தான்!

அவளைக் கொண்டுவிடப் போய், வாசலில் உட்கார்ந்து மொபைலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். 'சும்மா இருக்கிற நேரத்துக்கு நாமும் கத்துக்கிட்டா என்ன?' என்று 44 வயதில் ஃபீஸ் கட்டிச் சேர்ந்துவிட்டேன். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகளும் ஒரே பெஞ்ச்.

அன்றைக்கு மாஸ்டர் கொடுத்த வேலை, 'வீட்டில் இருக்கும் ஒருவரின் முகம்'. மகள் வரைந்தது அவளுடைய அம்மாச்சியை, அதாவது என் அம்மாவை. வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்க் காட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அட, என்னைச் செவப்பாக்கிட்டியே தங்கம்!"

சிரித்தார். நிஜமான சந்தோஷம் அது. அதுதான் எனக்கு உறுத்தியது.

என் அம்மா நல்ல கறுப்பு. சின்ன வயதில் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட 'கறுப்பி' என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். கல்யாண ஆல்பத்தில் முகம் தெரியாத அளவுக்குப் பவுடர். அதற்குப் பிறகு எந்தக் குடும்ப போட்டோவிலும் பின்வரிசைதான். "நீங்க நில்லுங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று நழுவிவிடுவார். ஆதார் கார்டை விட்டால், அவர் தனியாக இருக்கும் ஒரு போட்டோகூட எங்கள் வீட்டில் இல்லை.

அடுத்த வாரம் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன்.

"ஸ்கின் கலர்னு தனியா ஒரு கலர் கிடையாது மேடம். நாமதான் கலந்து எடுக்கணும். அம்மாவை ஜன்னல் பக்கத்துல உட்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. ஃபிளாஷ் வேண்டாம். வாட்டர் கலர்ல பண்ணுவோம்" என்றார்.

காலை வெயிலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்குத் தெரியாமல்தான் எடுக்க முடிந்தது.

முதலில் பென்சில். முட்டை வடிவம் போட்டேன், கண் வைத்தேன், மூக்கு வைத்தேன். எட்டிப் பார்த்த மகள், "அம்மாச்சிக்கு நெத்தியே காணோம்" என்றாள். நம் எல்லோருக்கும் வரும் தப்பு இது. கண் முகத்தின் மேல்பக்கம் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்து பாருங்கள், கண் கிட்டத்தட்ட சரிபாதியில் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். காதின் மேல் நுனி புருவத்துக்கு நேராக, கீழ் நுனி மூக்கின் அடிக்கு நேராக வரும். இதெல்லாம் பொதுக்கணக்குதான். பிறகு அந்த முகத்துக்கே உரிய வித்தியாசங்களைத் தேட வேண்டும். அம்மாவின் இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருப்பதை 44 வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்!

அடுத்தது நிறம். எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம். இந்த நான்கு போதும் என்றார் மாஸ்டர். வாட்டர் கலரில் வெளுப்பு வேண்டுமென்றால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் விழும் இடத்தில் பேப்பரையே தொடாமல் விட்டுவிட வேண்டும். முதலில் வெளிர் நிறம், காய்ந்த பிறகு அதன்மேல் அடர்த்தி. அரைகுறையாகக் காய்ந்ததும் அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் பூசினேன். கன்னத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூத்துவிட்டது. பேப்பரும் மெலிசு, சுருண்டுகொண்டது. அடுத்த தடவை 300 ஜி.எஸ்.எம். பேப்பர் வாங்கினேன்.

நிழலுக்குக் கறுப்பைத் தொடப்போனபோது மாஸ்டர் கையைத் தடுத்தார். "கறுப்பைப் போட்டா முகம் செத்துடும். சியன்னாவும் நீலமும் கலந்து பாருங்க." பார்த்தேன். ஆழமான, சூடான ஒரு பழுப்பு வந்தது. அதற்குப் பிறகு போட்டோவைப் பார்த்தால், அம்மாவின் நெற்றியில் ஜன்னல் வெளிச்சம் லேசான நீலமாக மின்னியது. கன்னத்தில் செம்மண் நிறம். கழுத்தோரம் காபி டிகாஷன். ஒரே முகத்தில் இத்தனை நிறங்களா!

அமெரிக்காவின் க்ரயோலா கம்பெனி, 'ஃபிளெஷ்' என்று விற்ற கிரேயானுக்கு 1962-லேயே 'பீச்' என்று பெயரை மாற்றிவிட்டது. 2020-ல் 24 விதத் தோல் நிறங்களில் கிரேயான்களையே கொண்டுவந்தது. கறுப்பும் மாநிறமும் நிறைந்த நம் வீடுகளில், அந்த ரோஸ் குச்சியை நாம் இன்னும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகிறோம்.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் இளையராஜா, நம் ஊர்ப் பெண்களை அவர்களுடைய நிறத்திலேயே வரைந்தார். ஜன்னலோரம், வாசல்படி, அடுப்படி வெளிச்சம் என்று அத்தனையும் போட்டோவோ என்று சந்தேகப்பட வைக்கும். அவர் வரைந்தது ஆயில் பெயின்ட்டில். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் படங்களை மொபைலில் பெரிதாக்கி, எந்த இடத்தில் எந்த நிறம் என்று மகளும் நானும் தேடிப் பார்ப்போம். எங்களுக்கு அதுவும் ஒரு கிளாஸ்தான்.

மூன்றாவது முயற்சியில் படம் ஓரளவுக்கு வந்தது. வலது காது கொஞ்சம் பெரிசு. நரைமுடிக்கு நான் எதுவும் பூசவில்லை, பேப்பரின் வெள்ளையையே விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"கறுப்பாவே போட்டுட்டியேடி."

எனக்குப் பக்கென்றது. "ஏம்மா, பிடிக்கலையா?"

"அப்படிச் சொன்னேனா?" புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்க அம்மா மாதிரியே இருக்கேன். அவங்களுக்கு ஒரு போட்டோகூட கிடையாது."

படம் இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. போன வாரம் மகள் தன் முகத்தையே வரைய உட்கார்ந்தாள். ரோஸ் குச்சியை எடுத்தவள், கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அதை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"அம்மா, எனக்கு எவ்வளவு சியன்னா, எவ்வளவு ஆக்கர்?"

"தெரியலையேடா. கலந்து பார்ப்போம் வா" என்றேன்.