வில்லங்கச் சான்றில் வராத கல்நார்க் கூரை

புதுடில்லி: தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டச் சித்தூரிலும், இடுக்கி மாவட்டத் தேவிகுளம், பீர்மேட்டிலும் பழைய வீடு வாங்குவோர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. கூரையில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பற்றி அதில் ஒரு வரியும் இராது.

சட்டமும் கைகொடுக்காது. 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளையே, தமக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். கூரையோ கண்ணெதிரே தெரிகிறது. தெரியாதது, அதை உடைக்கும்போது பறக்கும் நுண்ணிழை. நுரையீரலில் தங்கும் அது புற்றுநோயாக வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் வீடு எத்தனை கை மாறியிருக்குமோ!

உச்ச நீதிமன்றம் 1995-ல் கல்நார் ஆலைத் தொழிலாளர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பும், நோயுற்றோருக்கு ரூ.1 லட்சம் இழப்பீடும் வகுத்தது. வீட்டில் குடியிருப்போர் அத்தீர்ப்பின் வரம்புக்குள் இல்லை. முழுத் தடை கோரிய மனுவை 2011-ல் தள்ளுபடி செய்தது. ஏழைகளின் மலிவுக் கூரை என்ற வாதம் டில்லியில் இன்றும் எடுபடுகிறது. ரஷ்யாவிலிருந்து கல்நார் இறக்குமதி தொடர்கிறது.

ஷீட்டை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றினால் தூசு பெருமளவு குறையும். கிரயப் பேச்சில் இச்செலவு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. வீடு கைமாறியதும், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு சுத்தியலோடு கூரை ஏறுபவர் தினக்கூலிக்காரர்.