பசிக்கணக்கை யார் எழுதுவது?

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். 2022 செப்டம்பரில் அங்கே நம் தெருப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்க தெருவுக்கு எதுவும் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். வீடியோ ஊர் உலகமெல்லாம் பரவிய பிறகுதான் கைது, கடைக்குச் சீல் எல்லாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழையக் கூடாதென்று உத்தரவும் வந்தது. பழைய வழக்கு ஒன்றில் சமரசத்துக்கு நம்ம சனம் இணங்காததுதான் இதற்குப் பின்னணி என்று அப்போது செய்தி வந்தது. பெரியவர்கள் வழக்கை வாபஸ் வாங்கவில்லை என்றால் பிள்ளைகளின் வாயைக் கட்டுவார்களாம்.

நடந்து முடிந்ததை இப்போது ஏன் எடுக்கிறோம் என்றால், காரணம் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகம் பூராவும் உணவில்லாமையை அளக்க 8 கேள்விகள் வைத்திருக்கிறது. கடந்த 12 மாதத்தில் காசோ வேறு வசதியோ இல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தீர்களா, ஒரு வேளையை விட்டீர்களா, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தீர்களா என்ற தினுசில் போகும். மோசமான கேள்விகள் என்று சொல்லவில்லை. ஆனால் பாஞ்சாகுளத்துப் பிள்ளைகள் வாங்கத்தான் போனார்கள், பிச்சைக்குப் போகவில்லை. அந்த வீடுகளில் இந்த 8 கேள்வியையும் கேட்டுப் பாருங்கள், நடந்த கொடுமை ஒரு கட்டத்திலும் விழாது. காசில்லாத பசிக்குத்தான் அங்கே இடம். சாதியால் மறுக்கப்பட்ட சோற்றுக்கு இடமில்லை.

அரசுக் கணக்கு இதைவிடத் தூரத்தில் நிற்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2019-21இல் எடுத்த 5ஆவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ 2017ஆம் ஆண்டு எல்லைகளை வைத்துக்கொண்டது. அதனால் தென்காசிக்கென்று தனித் தாளே அதில் கிடையாது, திருநெல்வேலிக்குள் அடங்கிப் போனது. தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இதில் புளியங்குடி காலனி எங்கே, செங்கோட்டைச் சேரி எங்கே? மாவட்டத் தாள்களில் சாதிவாரியாகப் பிரித்துப் போடும் வழக்கமே இல்லை.

ஆராய்ச்சி என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு சலிப்பு இருக்கிறது. வருவான், கேப்பான், எழுதிக்கிட்டுப் போவான், அப்புறம் ஆளைக் காணோம். அந்தச் சலிப்பு நியாயமானது. குற்றாலத்தில் இறங்குகிற சிற்றாறு தென்காசியைத் தாண்டி, கங்கைகொண்டானைத் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தக் கங்கைகொண்டானைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்து 1918இல் புத்தகமாகப் போட்டார். 1936-37இல் அதே ஊரை மறுபடியும் ஆய்ந்தார்கள். நூறு வருசத்துக்கு மேலாக இந்த ஆற்றங்கரையில் நோட்டும் பென்சிலும் வந்துபோகின்றன. 1981இல் செங்கோட்டைப் பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோதும் டெல்லி வரையிலிருந்து ஆள் வந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதே வந்தவர்கள் பலரின் கேள்வி. டீக்கடையில் உனக்கு எந்தக் கிளாஸில் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும்.

சரியாகக் கேட்டவர்களும் உண்டு. இந்தியத் தலித் ஆய்வு நிறுவனம் 2003இல் தமிழகம் உட்பட 5 மாநிலங்களில் 531 கிராமங்களில் ரேசன் கடையையும் மதிய உணவையும் ஆராய்ந்தது. கடை யார் தெருவில் இருக்கிறது, சமைக்கிறது யார், தலித் சமைத்தால் யார் எதிர்க்கிறார்கள், பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கிறார்களா என்று அது கேட்டது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் அதை 2005இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2004 ஏப்ரலில் சமையல் வேலைக்குத் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தரச் சொன்னது. 2006 டிசம்பரில் இன்னும் ஒரு படி போனது: 6 வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், 3 மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும்; சேரிகளுக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் முன்னுரிமை. தெருவில் பிள்ளைகளை எண்ணிப் பெயர் எழுதுவதைவிடப் பெரிய ஆராய்ச்சியா அதற்கு வேண்டும்? எண்ணிக் கொடுத்தவர்களுக்குக் கேட்க உரிமை வந்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதால் 2017இல் அந்த வழக்கை முடித்துவைத்தார்கள்.

இந்தச் சட்டத்தின் 28, 29ஆம் பிரிவுகளை மாணவத் தோழர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். ரேசன் கடைக்குச் சமூகத் தணிக்கை நடத்தலாம். கடை அளவிலேயே கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தலித்துகள், பழங்குடிகள், பெண்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும். உங்கள் கடைக் குழுவில் இருப்பது யார்? அப்படி ஒரு குழு இருப்பது எடையாளருக்காவது தெரியுமா?

தமிழ்நாட்டில்தான் 2011லிருந்து அரிசி இலவசமாச்சே, இங்கே என்ன பசி என்பவர்களுக்கு நம் தெருவின் கணக்கைக் காட்ட வேண்டும். அரிசி வருகிறது, மறுக்கவில்லை. வெறும் சோற்றில் இரத்தம் ஊறாது. குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் பரோட்டாக் கடைகளில் கூட்டம் அலைமோதும். அங்கே எச்சில் தட்டு கழுவுகிறவர் வீட்டில் சீசன் முடிந்தபின் கிழமைக்கு எத்தனை நாள் பருப்பு, எத்தனை முட்டை? பீடி சுற்றித் தேய்ந்த விரலும் செங்கல் சூளையில் தேய்ந்த விரலும் மெஷினில் விழாமல் எத்தனை தடவை திரும்பி வந்தார்கள்? சூளைக்குக் குடும்பத்தோடு போன பிள்ளைகளின் மதியச் சோறு என்ன ஆகிறது? பழஞ்சோறும் நீத்தண்ணியும் கடைசியாக யாருக்கு மிஞ்சுகிறது, எந்த வீட்டிலும் அம்மாவுக்குத்தானா? நம் வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வி இது, கூசாமல் கேளுங்கள்.

கேட்கிறவர் அந்தத் தெருப் பெண்ணாக இருக்கட்டும். எழுதியதை அதே தெருவில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டி, தப்பிருந்தால் திருத்திய பிறகே கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டும். பெயர் வெளியே போனால் நாளைக்குக் கடையில் சாமான் மறுப்பான் என்கிற ஊர்களில் பெயரை எழுதாதீர்கள், வீட்டு எண் போதும். மூல நோட்டு காலனியிலேயே இருக்கட்டும். கல்லூரிக்கும் கட்சி ஆபீசுக்கும் போவது நகல்.