பாடம் கேட்ட பிள்ளையைப் பின்தொடர்ந்தது யார்?

மறைமலைநகரின் அரசுப் பள்ளிப் பிள்ளை பாடநூலைத் திறக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கிறது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பாவின் கைபேசியை வாங்கி அதன் மேல் பிடிக்கிறது. அரசு அச்சிட்டது, ஆசிரியர் சொன்னார். பிள்ளை நம்புவதற்கு இந்த இரண்டும் போதும்.

அந்த நம்பிக்கையை அரசு காக்கவில்லை.

2018-ல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாயின. அவற்றைத் திறக்கும் வாசலாக இருந்தது தீக்‌ஷா. அது மத்திய அரசு 2017-ல் தொடங்கிய கல்வித் தளம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது நாடெங்கும் பிள்ளைகள் அந்தச் செயலிக்கு அனுப்பப்பட்டார்கள். அன்று அவர்களுக்கு வேறு வகுப்பறை இல்லை. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் இல்லை.

2022 மே மாதம் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் இணையதளங்களையும் அது சோதித்திருந்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளின் உரிமையை மீறின அல்லது மீறும் நிலையில் இருந்தன. தீக்‌ஷாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிள்ளை இருக்கும் இடத்தை அது துல்லியமாகச் சேகரித்தது. கைபேசியின் விளம்பர அடையாள எண்ணை, ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ், கிராஷ்லிட்டிக்ஸ் என்ற இரண்டு நிரல் தொகுப்புகளின் வழியாகக் கூகுளுக்கு அனுப்பியது.

விளம்பர அடையாள எண் எதற்கானது என்பதை அதன் பெயரே சொல்கிறது. பின்னக் கணக்குக்கு அது தேவையில்லை. திருக்குறளுக்கு அது தேவையில்லை. ஒரே ஆளைச் செயலி விட்டுச் செயலி அடையாளம் காண்பதற்கே அது தேவை. பாடம் கேட்டு வந்த பிள்ளையிடம் அதை எடுத்தது ஏன்? எடுக்கச் சொன்னது யார்? எடுக்கப்படுவதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டது யார்?

தெரியாமல் நடந்தது என்று எவரும் சொல்ல வேண்டாம். இதைக் கண்டுபிடிப்பது அரிய வித்தை அன்று. விளம்பரத் தொழிலில் அன்றாடம் நடக்கும் வேலை அது.

இணையதளத்தில் விளம்பர நிறுவனம் தரும் சில வரி நிரலை ஒட்டுவார்கள். தொழிலில் இருப்பவர்கள் அதைப் பிக்சல் என்பார்கள், டேக் என்பார்கள். பக்கத்தைத் திறந்தவுடன் அந்த நிரல் விளம்பர நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பும். வந்தவர் ஒரு பட்டியலில் சேர்க்கப்படுவார். மெட்டாவின் பட்டியலில் 180 நாள் வரை வைத்திருக்கலாம். கூகுளின் பட்டியலில் 540 நாள் வரை வைத்திருக்கலாம். மாமல்லபுரத்தில் தங்குவதற்கு ஒரு விடுதியைப் பார்த்துவிட்டு மூடியவரை அதே விடுதியின் விளம்பரம் வாரக்கணக்கில் துரத்துவது இப்படித்தான்.

அந்த நிரல் வேலை செய்யவில்லை என்றால் என்ன நடக்கும்? விளம்பரக் கணக்கில் ‘டேக் கண்டறியப்படவில்லை’ என்று எச்சரிக்கை வரும். பட்டியல் நிரம்பாது. போட்ட பணம் வீணாகும். உடனே விளம்பர ஏஜென்சிக்கு அழைப்பு போகும். அன்றைக்கே ஆள் உட்காருவார். நிரல் முகப்பில் மட்டும் இருக்கிறதா, எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறதா என்று பார்ப்பார். அடையாள எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார். டேக் மேனேஜரில் மாற்றத்தைச் செய்துவிட்டு வெளியிட மறந்தார்களா என்று பார்ப்பார். சேமித்து வைத்த பழைய பக்கமே திரும்பத் திரும்பப் போகிறதா என்று பார்ப்பார். ஒரே நிரல் இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்.

கருவிகளுக்கும் குறைவில்லை. டேக் அசிஸ்டன்ட் இருக்கிறது. பிக்சல் ஹெல்ப்பர் இருக்கிறது. இரண்டும் இலவசம். எதுவுமே இல்லாவிட்டாலும், கணினியின் பிரௌசரில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் கருவிகளில் நெட்வொர்க் பகுதி இருக்கும். அந்தப் பக்கம் எந்தெந்த நிறுவனத்துக்குத் தகவல் அனுப்புகிறது என்பது வரி வரியாகத் தெரியும். ஒரு பக்கத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். செயலியைச் சோதிக்கக் கூடுதல் உழைப்பு வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

விளம்பரப் பணம் வீணாகிறது என்றால் ஐந்து நிமிடத்தில் தேடத் தெரிகிறது. பிள்ளையின் தகவல் போகிறது என்றால் தேட ஆளில்லை. இங்கு குறைந்தது திறமை அன்று, அக்கறை.

தீக்‌ஷா விஷயத்தில் அலட்சியம் ஒரு முறையோடு நிற்கவில்லை. 2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. தீக்‌ஷாவின் தரவுகள் இருந்த மேகச் சேமிப்பகம் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டில்லாமல் திறந்து கிடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி வெளியே தெரிந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் அங்கே இருந்தன. கூகுளுக்குப் போன எண், திறந்து கிடந்த சேமிப்பகம் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் வெளியாட்கள். பூட்டைப் பார்க்கச் சம்பளம் வாங்கியவர்கள் பார்க்கவில்லை. நிரலைப் பார்க்கச் சம்பளம் வாங்கியவர்களும் பார்க்கவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 2022 ஜூனில் ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம் அமெரிக்காவின் முதல் 100 மருத்துவமனைகளின் இணையதளங்களைச் சோதித்தது. 33 தளங்களில் மெட்டாவின் பிக்சல் இருந்தது. நோயாளி மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டுப் பொத்தானை அழுத்தியபோது, அந்தச் செய்தி ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டாவுக்கும் போனது. ஆனால் அங்கே பதில் சொல்ல வைத்தார்கள். பல மருத்துவமனைகள் நிரலை நீக்கின. ஒரு மருத்துவமனைக் குழுமம் 30 லட்சம் பேருக்கு அறிவிப்பு அனுப்ப நேர்ந்தது. நோயாளிகளின் மருந்து விவரங்களை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்த குட்ஆர்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மீது 2023-ல் 15 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

இங்கே யார் மீது என்ன விழுந்தது?

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் கல்லூரிகள், பள்ளிகள், மருத்துவமனைகள் நிற்கின்றன. கிழக்கே கடற்கரையில் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. சேர்க்கைக் காலம் வந்தால் இணைய விளம்பரத்துக்குப் பணம் இறைக்கிறார்கள். பிளஸ் டூ எழுதிய பிள்ளை விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறது. மதிப்பெண்ணைப் பதிகிறது. கைபேசி எண்ணைப் பதிகிறது. அந்தப் படிவம் இருக்கும் பக்கத்தில் எத்தனை நிரல்கள் இருக்கின்றன? மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தில் எத்தனை? தளத்தின் உரிமையாளர் இன்றே பார்க்க வேண்டும். பார்த்துச் சொல்ல வேண்டும்.

‘அதெல்லாம் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்’ என்பது பதில் ஆகாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இந்தச் சாக்கை ஏற்கவில்லை. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு தரவைத் திரட்டும் நிறுவனத்துடையதே. ஒப்பந்தத்தைக் காட்டி விலக முடியாது. நிரலை ஒட்டியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஏஜென்சி மாறியிருக்கலாம். நிரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடரக் கூடாது. அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். விதிகள் வந்தது 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதற்குமேல் 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. கல்விப் பணிக்கென்று விதிவிலக்குகளும் சேர்க்கப்பட்டன.

அவகாசம் நிறுவனங்களுக்குக் கிடைத்தது. பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? 2020-ல் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, விதிகள் வருவதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. கல்விக்கான விதிவிலக்கு கல்விக்கு மட்டுமே. விளம்பர எண்ணைக் கடத்தும் வழியாக அதை எவரும் பயன்படுத்தக் கூடாது.

அதே சட்டத்தில் இன்னொரு கடமையும் இருக்கிறது. தரவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டிவிட்டு ஒப்புதல் வாங்க முடியாது. எட்டாவது அட்டவணையின் மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. நம் மறைமலைநகர் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கே வாழும் தாய் தன் பிள்ளையின் தகவல் எங்கே போகிறது என்பதைத் தமிழில் படிக்க உரிமை உள்ளவர். பத்துப் பக்க ஆங்கிலத்தின் அடியில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை வைப்பது ஒப்புதல் அன்று. அது ஏய்ப்பு.

ஆகவே கேட்கிறோம்.

மத்தியக் கல்வி அமைச்சகம் பதில் சொல்லட்டும். தீக்‌ஷாவில் அந்த நிரல் தொகுப்புகளைச் சேர்க்க அனுமதித்தவர் யார்? அவை நீக்கப்பட்டனவா? எந்த நாளில்? சோதித்தவர் யார்? அதுவரை திரட்டியவை அழிக்கப்பட்டனவா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை பதில் சொல்லட்டும். பாடநூலில் குறியீட்டை அச்சிட்டது நீங்கள். அது திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்களே பொறுப்பு. உங்கள் தளங்களையும் செயலிகளையும் வெளியாள் ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். எந்த நிரல், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தகவலை அனுப்புகிறது என்ற பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள். விளம்பரத்தோடு தொடர்புள்ள ஒவ்வொன்றையும் அகற்றுங்கள்.

கல்லூரி, மருத்துவமனை, விடுதி உரிமையாளர்களும் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பம், முன்பதிவு, பணம் செலுத்தும் பக்கங்களில் இருக்கும் பின்தொடர் நிரல்களை முதலில் எடுங்கள். மற்ற பக்கங்களில் வைக்க விரும்பினால் தமிழில் கேளுங்கள். ஒப்புதல் வந்த பிறகு வையுங்கள். மறுத்தவரை விட்டுவிடுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. புதிய நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. விளம்பரத்துக்காக நாள்தோறும் செய்யும் அதே சோதனையைப் பிள்ளைக்காக ஒரு முறை செய்யுங்கள் என்கிறோம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். புதுப் பாடநூல் பிள்ளையின் கைக்கு வரும். முதல் வாரத்திலேயே ஒரு குறியீட்டின் மேல் பிள்ளை அப்பாவின் கைபேசியைப் பிடிக்கும். அந்த நாளுக்கு முன் பட்டியல் வெளியாக வேண்டும். வெளியாகாவிட்டால், குறியீட்டை அச்சிட உத்தரவிட்டவரே பொறுப்பு என்று எழுதுவோம்.