சுற்றுச்சூழற் பாடமும் நம் கலாசாலையும்

சரித்திரம் கற்பவராயினும், ரசாயனம் கற்பவராயினும், வணிகம் கற்பவராயினும், நம் கலாசாலை மாணாக்கர் யாவரும் பட்டம் பெறுமுன் படித்தாகவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அது சுற்றுச்சூழற் கல்வி. கட்டாயப் பாடங்களுள் இதனைப்போல் மதிப்பிழந்து நிற்பது பிறிதொன்றில்லை என்பது எமது துணிபு. ஆசிரியருள் எவர்க்கு வாரத்திற் பாடவேளை குறைகின்றதோ, அவர் தலையில் இது சுமத்தப்படுகின்றது. மாணாக்கரோ தேர்வுக்கு முந்திய இரண்டு இரவுகளில், கடைத்தெருவில் விற்கும் குறிப்புப் புத்தகமொன்றைப் புரட்டித் தேறிவிடுகின்றனர். இத்தகைய பாடத்தைப்பற்றி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று நண்பர் சிலர் நகைக்கலாம். எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாட்களில் தென் மாவட்டங்களிற் பெய்த பெருமழையை நம்மவர் எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையினும் அது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரினின்று புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டுத் தவித்தனர். நம் மாணாக்கர் பலருடைய வீடுகளிலும் நீர் புகுந்தது.

அதன்பின் கலாசாலைக்குள் நடந்த தேர்வில், வெள்ளத்தின் காரணங்களை எழுதுக என்றொரு வினா இருந்தது. விடைத்தாள்களைத் திருத்துங்கால் யாம் கண்டது என்னை? ஆற்றங்கரை ஊர்களினின்று வரும் பிள்ளைகளும், குறிப்புப் புத்தகத்திலுள்ள ஐந்து காரணங்களையே, அதே வரிசையில், அதே சொற்களால் எழுதியிருந்தனர். எக்குளத்தின் கரை முதலில் உடைந்தது, நீர் எத்திசையினின்று வந்தது, வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்பவற்றுள் ஒன்றேனும் எத்தாளிலும் இல்லை. அவர்களைக் குறை கூறோம். கண்ணாற் கண்டதும் பாடமாகும் என்று அவர்க்குச் சொன்னவர் ஒருவருமிலர். சொல்லாதாருள் யாமும் அடக்கம்.

குற்றம் பாடத்தை வகுத்தாரிடத்தும் இல்லை. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தார் சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயமாக்குமாறு பணித்தனர். பல்லாண்டு தாமதத்தின்பின், பல்கலைக்கழக மானியக் குழுவினர் பட்டப்படிப்பு மாணாக்கர் யாவர்க்குமென ஆறுமாதப் பாடத்திட்டமொன்றை வகுத்தனர். அன்று அவர் வகுத்த 50 மணி நேரத்தில் 5 மணி வெளியிற் சென்று காண்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கே உரியதாயிற்று. அருகிலுள்ள ஆறோ குன்றோ சென்று காண்க, மாசுற்ற இடமொன்றை ஆராய்க, பறவை பூச்சி செடிகளை அறிக என்பனவெல்லாம் அதிற் கண்டவையே. நடந்ததோ வேறு. சென்ற ஆண்டு மாணாக்கரின் பதிவேட்டைப் பார்த்து இவ்வாண்டு மாணாக்கர் எழுதுகின்றனர். ஆதலின் ஒரே குளத்தில் ஒரே கொக்கு ஆண்டுதோறும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கின்றது!

சீதோஷ்ண நிலையைப்பற்றிய அறிவோ பொறுமையாய் எழுதிவந்த கணக்கேடுகளால் விளைந்த அறிவு. சென்னையில் 1792-ஆம் ஆண்டு வானாராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. வெப்பமும் மழையும் ஆங்கு நாடோறும் குறிக்கப்பட்டன. 1904-ஆம் ஆண்டு இந்திய வானிலை இலாகாவின் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்பார் கணித வல்லுநர். உலகின் பல இடங்களினின்றும் வந்த அளவுகளை ஒப்புநோக்கியே, பசிபிக் சமுத்திரத்துக் காற்றழுத்தத்திற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அவர் தெளிவித்தார். 1958-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் கீலிங் என்பார் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபொழுது, காற்றில் அது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்தது. இன்று 420-ஐயும் கடந்துவிட்டது. இவ்வளவும் விடாது குறித்தாரால் அறிந்தவை.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் மிகும் என்பதைப் பௌதிக ஆசிரியர் அரைமணி நேரத்தில் விளக்கிவிடுவார். ஆயினும் ஒரு பெருமழையை மாத்திரம் காட்டிச் சீதோஷ்ணம் மாறிவிட்டதென்று முழங்குவதும், முன்னும் இப்படிப் பெய்ததுண்டு என்று கையசைத்துத் தள்ளுவதும் கணக்கறியாதார் பேச்சாகும். எத்தனை ஆண்டுக் கணக்கிருந்தால் எவ்வளவு சொல்லலாம் என்பதை மாணாக்கர் தம் கையால் அளந்தே உணரவேண்டும்.

இதற்கெனத் தேர்ந்த நிபுணர் ஒருவரை நியமித்துவிட்டாற் போதுமென்பர் சிலர். நியமிக்கட்டும், வேண்டாமென்னோம். ஆனால் அவரிடம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு ஏனைய பகுதியார் கைகழுவுவதை யாம் ஒப்போம். குளங்களை வெட்டியவர் யார், அவற்றைப் பேணுதற்கு ஊரார் செய்துகொண்ட ஏற்பாடு யாது என்பதைக் கல்வெட்டுக்களினின்று எடுத்துரைக்கவல்லார் சரித்திர ஆசிரியரே. தமிழாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. மடை, மதகு, கலிங்கு, மறுகால் என்னுஞ் சொற்கள் நம் பிள்ளைகள் நாவினின்று மறைந்து வருகின்றன. இச்சொற்கள் மறைவதாற் கேடென்ன எனின், மறுகால் என்பது நிறைந்த குளத்தின் மிகைநீர் வெளியேறும் வழியென்று அறியாதாரே அவ்வழியில் மனை வாங்குகின்றனர். அம்மனைப் பிரிவுக்கு அனுமதி எழுதும் அதிகாரியும், அதனை விற்கும் வணிகரும், அதன்மேல் வீடு கட்டும் எஞ்சினீயரும் கலாசாலைகளிற் படித்தவரே. அவருள் நம் பழைய மாணாக்கரும் இருத்தல் கூடும். இப்பாடத்தில் அவர் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூறாகவும் இருக்கலாம்.

மிஷன் கலாசாலைகளுக்கு இவ்வேலை புதிதன்று. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கலாசாலையில் 1967-ஆம் ஆண்டு ரபினா தாவரக் காப்பகத்தை நிறுவிய குருவானவர் மேத்யூ, ஊர் ஊராய்ச் சென்று செடிகளைத் திரட்டித் தமிழ்நாட்டுத் தாவரங்களைப்பற்றிப் பெருநூல் இயற்றினார். அத்துணைப் பெருமுயற்சி நம்மாலாகாது எனினும், ஒரு மழைக் கணக்கேடு ஆகும். வெளியூரினின்று பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குப் பொழுதேது என்று கேட்கலாம். அவர் தத்தம் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தைத் திங்களுக்கு ஒருமுறை கயிறுகொண்டு அளந்து வரட்டும்.

பௌதிகச் சோதனைச்சாலையின் பின்னறையில், பழைய மழைமானியொன்று அலமாரியிற் பூட்டிக் கிடப்பதாகக் கேள்வியுற்றுத் தேடினோம். சாவி அகப்படப் பத்து நாளாயிற்று. புனலில் ஒரு நசுங்கல் இருந்ததைத் தட்டிச் சரிசெய்தாயிற்று. விடுதிக்குப் பின்னுள்ள வெளியில், வேப்பமரத்தினின்றும் எட்டி, அதனை நிறுத்தியிருக்கின்றோம். காலை 8.30 மணிக்கு அளவெடுக்க மாணாக்கர் இருவர் முன்வந்துள்ளனர். ஞாயிறன்று ஆராதனைக்கு மணியடிக்குமுன் அளந்துவிடலாம் என்றும் அவர்களே யோசனை கூறினர்.